மூன்று பிராங்க் நாற்பது

விழா முடிந்து பன்னிரண்டாம் நாள்.
காசுப் பெட்டிக்குள் இன்னும் உளுந்து மணக்கிறது.
என் வடைக்கும் ஊர்ஸ் வாட்டிய சொசேஜுக்கும்
கைமாறிக் கைமாறி எண்ணெய் பிடித்த நாணயங்கள்.
எண்ணினோம்: ஆறாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு.
மழை ஒரு மணிநேரம் பிந்தியிருந்தால்
ஏழைத் தொட்டிருக்கும் என்கிறார் ஊர்ஸ்.
சரி, மழையும் இந்த ஊர்தானே,
அதன் பங்கை முதலில் எடுத்துக்கொண்டது.

தூண் என்று தமிழில் எழுதினால்
நிமிர்ந்து நிற்கும் ஊர் போலிருக்கும்.
உண்மையில் இது ஏரியோரம்
சாய்ந்து இருந்து கால் நனைக்கிற ஊர்.

பள்ளிக்கூடத்துக் கைவேலை அறை.
சிறுவர் கதிரைகளில் நாங்கள் ஐவர்,
முழங்கால் மேசையில் இடிக்க,
பதினொரு விண்ணப்பங்கள்.

முதியோர் இல்லத்துக்கு அக்கார்டியன் பழுதுபார்க்க.
எரித்திரியப் பெண்களுக்கு நீச்சல், எட்டு வாரம்,
யன்னல்களுக்குத் திரை போட்டு.
பந்துக் கழகத்துக்கு வலை.
'போன வருடமும் வலை கொடுத்தோமே?'
'கோல் விழுந்து விழுந்து கிழிந்துவிட்டது' என்றான் ஷ்பெண்ட்.
'நீங்கள் ஒன்றுகூட அடிக்கவில்லையே!'
'அடித்தது அவர்கள். வலைதான் எங்களுடையது.'

ஆறாவது தமிழ்ப்பள்ளி:
பூட்டுள்ள அலுமாரி ஒன்று, தொள்ளாயிரம்.
விதி நான்கின்படி
உறவுடையவர் வெளியே போகவேண்டும்.
போனேன்.
தாழ்வாரத்துக் கொளுக்கிகளில்
பிள்ளைகளின் வகுப்புச் செருப்புகள்,
கம்பளியில் முயலும் நரியும்.
கண்ணாடிக் கதவுக்கு அப்பால்
கைகள் உயர்ந்தன, இறங்கின.
கதவைத் தட்டி
முப்பது கிலோ உளுந்து அரைத்தவள் நான்
என்று சொல்லலாம் போலிருந்தது.
நரியின் காதைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

அறுநூறு, என்றார்கள்.
அலுமாரி வரும்.
பூட்டு வராது.

கடைசியில் கட்டம் போட்ட தாளில்
பென்சில் எழுத்து. எமில் ஷ்டால்டர்.
'பஸ் தரிப்பிடத்து வாங்கில் இரண்டு பலகை உக்கிவிட்டது.
வாரம் மூன்று நாள் இரத்தம் கழுவி வருகிறேன்,
அதில் இருந்துவிட்டுத்தான் மேடேற முடிகிறது.
பலகை, திருகாணி, வார்னிஷ் ஒரு சின்னப் பேணி.
நாற்பத்தைந்து பிராங்க். வேலையை நானே செய்வேன்.'

விதி ஏழு:
இருநூறுக்குக் குறைந்து உதவி வழங்கப்படாது.

கூடக் கேட்டால் வெட்டத் தெரியும் எங்களுக்கு.
குறையக் கேட்டவரை என்ன செய்வதென்று
ஒருவருக்கும் தெரியவில்லை.

ரெகுலா தொலைபேசியில் அழைத்தாள்.
'இருநூறு என்று மாற்றி எழுதலாமே?'
'எதற்கு?'
'அது விதி.'
'பலகையின் விலை அதுவல்ல' என்றது குரல்.
வைத்துவிட்டார்.

ஊர்ஸ் தன் பணப்பையைத் திறந்தார்.
மூடு என்றேன்.
அவர் கேட்டது உன்னிடம் அல்ல, விழாவிடம்.
என் ஜெர்மனில் வேற்றுமை உருபு பிசகியது.
பொருள் பிசகவில்லை.

இன்றைக்கு ஆணி என்றால்
நாளைக்குப் பல் குத்தும் குச்சிக்கும் எழுதுவார்கள்
என்றார் வங்கியில் ஓய்வுபெற்ற லூதி அம்மா.
அவர் சொல்வதிலும் பிழையில்லை.
மூன்றுக்கு இரண்டால்
விதி ஏழு விழுந்தது.

ஒக்டோபரில் என் கதவு மணி.
தொப்பியைக் கழற்றாமல் நின்றபடி
ரசீது நீட்டினார்: நாற்பத்தொன்று அறுபது.
பிறகு உள்ளங்கையிலிருந்து
மேசைமேல் ஒவ்வொன்றாய் வைத்தார்
மூன்று பிராங்க் நாற்பது.
தேநீர் வேண்டாமாம்,
தண்ணீர் அளந்துதான் குடிக்கவேண்டுமாம்.

உதவித்தொகைக் கணக்கில்
செலவுக்கு ஒன்பது நிரல்.
திரும்பி வந்ததற்கு ஒன்றுமில்லை.
அடிமட்டம் வைத்துப் பத்தாவது கீறினேன்.
பெட்டியைத் திறந்தால்
உளுந்து மணம் போய்விட்டிருந்தது.
அடுத்த விழாவுக்கு இன்னும் பத்து மாதம்,
முதல் வரவு உள்ளே விழுந்த சத்தம்.

மறுநாள் வேலைக்குப் போகையில்
அந்த வாங்கில் இருந்து பார்த்தேன்.
பலகை நன்றாயிருந்தது.
வார்னிஷ் காயவில்லை.
கோட்டின் பின்புறம் இப்போது இரண்டு கோடு.
எந்த நிரலில் எழுத?